மஞ்சள் யார் போட்டது?

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பகல் தூக்கத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் அக்காவுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பழைய கணினிகளையும் பழைய மென்பொருள்களையும் தேடிச் சேகரிப்பவர். "பாரா என்கிற நிரலை எழுதியது நீங்கள்தானா?" என்று மட்டும் கேட்டிருந்தார். கீழே ஒரு படம் இருந்தது.

அக்கா என்பது அவருடைய பெயர் இல்லை. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், முதலாளியைத் தவிர எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு அக்கா ஆகிற வயதே இல்லை. அதட்டுகிற குரல் மட்டும் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

படத்தை விரித்துப் பார்த்தார். நீலத் திரை. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கணினி. மேலே நட்சத்திரக் குறிகளால் கட்டிய வேலிக்குள் PARA என்று தலைப்பு. அக்காவுக்கு, பிறந்த வீட்டுக் கதவைப் படத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

"இங்க வாங்களேன். இதப் பாருங்க. நான் எழுதினது," என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கு. என்ன இது, சதுரங்கமா?"

படத்தின் ஒரு மூலையில் அக்காவின் பார்வை நின்றுவிட்டது. பச்சைக் கட்டங்கள் இருந்தன. ஒரே ஒரு சிவப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் PORUNGAL என்று எழுதியிருந்தது.

பாராவில் மஞ்சள் கிடையாது. எழுதியவருக்குத் தெரியாதா?

*

அந்தக் காலத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதே பெரிய வித்தை. கறுப்பாக ஒரு கம்பி, ஒவ்வொரு இயந்திரத்தின் முதுகையும் தொட்டுக்கொண்டு, சரம் தொடுத்த மாதிரி மேசை மேசையாகப் போகும். துடைப்பம் பட்டோ, யாராவது காலை நீட்டியோ ஓர் இடத்தில் இணைப்பு தளர்ந்தால் போதும், மொத்தச் சரமும் படுத்துவிடும். எங்கே தளர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒருவர் மேசைகளுக்கு அடியில் தவழ வேண்டும்.

அப்படித் தவழ்ந்தவனுக்குத்தான் சிலந்தி என்று பெயர். ஒல்லியான உடம்பு, நீளமான கைகால். கூரைப் பலகைக்கு மேலே ஒரு பொந்தில் நுழைந்து இன்னொரு பொந்தில் எட்டிப் பார்ப்பான். தலைமுடியில் எப்போதும் ஒட்டடை இருக்கும்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் நான் ஏன் தவழணும்? எல்லா மிஷினையும் கூப்பிட்டு 'இருக்கியா'ன்னு கேக்கற மாதிரி ஒண்ணு எழுதினா என்ன?" என்று ஒரு நாள் முழங்கால் தேய்ந்த கால்சட்டையைக் காட்டிக் கேட்டான்.

பாரா அப்படிப் பிறந்தது. பாரா போகிற ராத்திரிக் காவலாள் ஒவ்வொரு வாசலாகக் குரல் கொடுத்துக்கொண்டு போவது போல, அது ஒவ்வொரு கணினியையும் கூப்பிடும். பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு. ஓர் இயந்திரம் படுத்தால் அது மட்டும் சிவக்கும், கம்பியே அறுந்தால் மொத்தமும் சிவக்கும்.

அலுவலகம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. படி ஏறும்போது எதிரில் ஒருவர் இறங்கினால், இருவரில் ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நிரல் எழுதுவதற்கு லாயக்கான கணினி அங்கே ஒன்றே ஒன்றுதான். காலையில் சிலந்தி கம்பி இழுக்கப் போய்விடுவான், அக்கா எழுதுவார். பிற்பகலில் அக்கா கைக்குழந்தையிடம் ஓடுவார், சிலந்தி உட்காருவான். நேரில் பேச நேரமே கிடைக்காது. அதனால் நிரலுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். வரிகளுக்கு நடுவே, கணினி படிக்காமல் தாண்டிப் போகிற மாதிரி, மனிதர்களுக்காகக் குறிப்பு எழுதி வைக்கலாம். ஆங்கில எழுத்துகளில் தமிழை அடித்து, ஒருவருக்கொருவர் அங்கே செய்தி விட்டுவைத்தார்கள்.

முதலாளி, கணினி வருவதற்கு முன்னால் தட்டச்சு இயந்திரங்கள் விற்றவர், பழுது பார்த்தவர். விரல் நுனியில் மை போகவே போகாது. முதுகுக்குப் பின்னால் அவரை ரிப்பன் என்பார்கள். நல்ல மனிதர், சம்பளத் தேதி தவறாதவர். ஆனால் நிரல் விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த அறையின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. சிலந்தி அவருக்கு எதையாவது விளக்கினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக மொத்தம், வேலை செய்யும்?" என்பார்.

சில வருடங்கள் பாரா ஓடியது. பிறகு பெரிய கம்பெனிகளின் மென்பொருள்களோடு இந்த வசதியும் இலவசமாகவே வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கம்பெனி சிறுத்து, கடைசியில் முதலாளி அறையைக் காலி செய்தார். அக்கா ஒரு வங்கியின் கணினிப் பிரிவுக்குப் போனார். சிலந்தி லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான். பொந்துக்குள் நுழைகிற உடம்பு அங்கேயும் உதவியது. சண்டை எதுவும் இல்லை. கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்ததில் காலம் போய்விட்டது.

*

சிலந்தியின் எண் அக்காவிடம் இருந்தது. எத்தனையோ ஃபோன் மாற்றியும் அந்த எண் மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது. இது இன்னும் அவன் எண்தானா என்பது வேறு கேள்வி. படத்தைப் பார்த்த அன்றைக்கே அழைத்துவிட்டார்.

"யாருங்க?"

"சிலந்தி இருக்கானா?"

"அக்கா?"

"ஆமா."

"உயிரோடதான் இருக்கீங்களா?"

"நீ போயிருந்தா யாராவது சொல்லிவிட்டிருப்பாங்கன்னு இருந்தேன்டா."

"எனக்கும் அதே நெனப்புதான்," என்று சிரித்தான். குரல் தடித்திருந்தது, சிரிப்பு அதேதான்.

"ஒண்ணு கேக்கணும். பாராவுல மஞ்சள் போட்டது நீயா?"

"எந்தப் பாரா? ஐயய்யோ, நம்ம பாராவா! அதுல ஏதுக்கா மஞ்சள்? இருக்கியா இல்லியா, ரெண்டே பதில்தான், நடுவுல வழவழன்னு ஒண்ணும் கூடாதுன்னு நீங்கதானே கத்துவீங்க?"

"படம் அனுப்பறேன், பாரு."

பார்த்துவிட்டு அவனே கூப்பிட்டான். "யாருக்கா இது? நாம இல்லாத நேரத்துல யாரோ வீட்டுக்குள்ள புகுந்து, சுவத்துக்கு வெள்ளையடிச்சிட்டுப் போன மாதிரி இருக்கு!"

சேகரிப்பாளரிடம் விசாரித்தார்கள். அந்த நிரல் இருந்த ஃப்ளாப்பித் தகட்டை, கப்பல் சரக்கு முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கினாராம். தன்னிடம் இருப்பது ஓடுகிற நிரல் மட்டும்தான், எழுதிய மூல வரிகள் கிடைத்தால் பத்திரப்படுத்தலாம் என்றும், உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும் என்றும் சொன்னார்.

கப்பல் அலுவலகம் என்றதுமே இருவருக்கும் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் பாரா மானத்தை வாங்கியது. தினமும் பிற்பகலில், நன்றாக இருக்கிற கணினிகளையெல்லாம் செத்துப்போனதாகச் சொல்லிச் சிவப்பு காட்டும். ஆட்கள் அலறியடித்து ஓடுவார்கள், ஓடிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நிரலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர்கள் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அக்காவின் குழந்தைக்கு விடாத காய்ச்சல். சிலந்தி ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

"நான் திரும்பி வந்தப்போ அது சரியாயிடுச்சுன்னாங்க. நீதான் கட்டோட போய்ச் சரி பண்ணியிருக்கேன்னு நெனச்சேன்," என்றார் அக்கா.

"ஒத்தைக் கையாலயா? நீங்கதான் பாப்பாவத் தூங்க வச்சிட்டு ஓடிப்போய்ப் பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு நான் நெனச்சேன். உங்ககிட்ட கேட்டதுக்கு 'சரியாயிடுச்சுல்ல, விடு'ன்னீங்க."

"நீ பெருமை பேச வேணாம்னு அடக்கமா இருக்கேன்னு நெனச்சுச் சொன்னேன்டா."

இத்தனை வருடமாக ஒருவர் செய்யாத உதவிக்கு இன்னொருவர் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மூல வரிகளின் பிரதிகள் இரண்டு பேரிடமும் இருந்தன, ஒரு காலத்தில். அக்காவின் தகடுகளில் ஈரம் ஏறிப் பூசணம் பூத்துவிட்டது. சிலந்தியின் தகடுகளை அவன் மனைவி வீடு மாறும்போது பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். "அதுல என் இளமையே இருந்துச்சுன்னு சொன்னேன். அதான் எடை கம்மியா இருந்துச்சான்னு கேக்கறா," என்றான். மிச்சம் இருந்தது ஒரே வழி. நிரலைத் திருத்தியவர் கப்பல் அலுவலகத்திலேயே உட்கார்ந்து திருத்தியிருந்தால், அந்த இயந்திரத்துக்குள் வரிகள் தங்கியிருக்கலாம்.

*

அந்த அலுவலகம் இன்னும் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது, உள்ளே யாரும் உரக்கப் பேசவில்லை. அக்காவும் சிலந்தியும் வாசலில்தான் சந்தித்துக்கொண்டார்கள். அவனுக்கு முன்தலை வழுக்கை, நடையில் லேசான சாய்வு. அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல், "லிஃப்ட் எந்தக் கம்பெனின்னு பாத்தீங்களா, சத்தமே சரியில்ல," என்றான் சிலந்தி. அதோடு கூச்சம் போய்விட்டது.

கிடங்குக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் டார்ச்.

"பழைய கம்ப்யூட்டரா? எதையும் தூக்கிப் போடக்கூடாதுன்னு எங்க பெரியவர் சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. இப்ப அவர் சொன்னதையும் தூக்கிப் போட முடியல, சாமானையும் தூக்கிப் போட முடியல," என்றபடியே படியிறங்கினாள். "எது வேணும்னு நீங்களே பாருங்க. பாம்பு இல்ல, எலி உண்டு."

கால் உடைந்த நாற்காலிகள், சுருட்டிய தரைவிரிப்பு, கப்பல் படம் போட்ட பெரிய பலகை. அவற்றுக்குப் பின்னால் பழுப்பேறிய கணினிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. சிலந்தி தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தலையை விட்டான். அவன் இடுப்பு படுகிற பாட்டைப் பார்த்து, "வேணாம்டா, எழுந்திரு," என்றார் அக்கா. உள்ளேயிருந்து, "இந்தா இருக்கு," என்று குரல் வந்தது. பின்பக்கம் கறுப்புக் கம்பியின் ஒரு துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்த இயந்திரம் அது. அவன் கையாலேயே மாட்டிய இணைப்பு.

ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தப் பெண் அதைக் கொடுத்தனுப்பினாள்.

சிலந்தியின் பட்டறைக்குச் சேகரிப்பாளரும் தன் கருவிகளோடு வந்து சேர்ந்தார். இளைஞர் என்று எதிர்பார்த்திருந்தார்கள், வந்தவரோ தொந்தியும் இருமலுமாகச் சிலந்தி வயதுக்காரர். இயந்திரத்தைத் திறந்து, தூசு ஊதி, மின்சாரம் கொடுத்தார்கள். காற்றாடி சுற்றியது. ஹார்டு டிஸ்க் மட்டும் "ங்ங்" என்று முனகிவிட்டு நின்றது.

"உள்ள ஒட்டிக்கிச்சு. இத்தனை வருஷம் அசையாம கிடந்தா இப்படித்தான். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும்," என்றார் சேகரிப்பாளர்.

சிலந்தி அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "கரண்ட் குடுங்க," என்றான். கொடுத்ததும், துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினான். சேகரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு வெட்டு. உள்ளே ஏதோ விடுபட்டு, மெல்லச் சுழன்று, சுருதி ஏறிக்கொண்டே போய் நிலைத்தது. அக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியும். காலையில் அறையைத் திறந்து, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, முதலில் கேட்கிற சத்தம்.

பாரா என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் மூல வரிகள் முழுசாக இருந்தன.

முதலில் நகல் எடுத்தார்கள். பிறகு படிக்க ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் ஒரே திரையில் தலையை நுழைத்துக்கொண்டு, பழைய நாடகத்தின் வசனம் படிக்கிற மாதிரி.

"இங்கே கை வைக்காதீங்க அக்கா. இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியாது. சி."

"கை வச்சாச்சு. இப்போ எனக்குத் தெரியும். நீயும் கத்துக்கோ. அ."

"குடையை மறந்துட்டுப் போயிட்டீங்க. கீழே கண்ணாடிக் கடையில குடுத்திருக்கேன். சி."

"எவன்டா இந்த வேரியபிளுக்கு மாமியார்னு பேர் வச்சது? அ." அதற்குக் கீழே, "எதைச் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேங்குது, அதான். சி."

"பாப்பாவுக்குப் பல் முளைச்சிருச்சா? சி." "ரெண்டு. நேத்து என் தோள்ல பரிசோதனை பண்ணா. அ."

சிலந்தி விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் சிரித்தார், ஆனால் இடையில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பாப்பாவுக்கு இப்போது பள்ளி போகிற பிள்ளை இருக்கிறது. தோளில் பல் பட்டதையே அக்கா மறந்துபோயிருந்தார். அந்த அறையில், அவ்வளவு சத்தமாகவும் அவ்வளவு நிச்சயமாகவும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அது தான்தான் என்பதை வரி வரியாக யாரோ எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

மஞ்சள், கோப்பின் கடைசிப் பக்கங்களில் இருந்தது.

அந்த இடம் வந்ததும் எழுத்தே மாறியது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். அக்கா சத்தமாக வாசித்தார்.

"பொருள்: மூன்று முறை விசாரித்தல் தொடர்பாக. ஒருவரைக் கூப்பிட்டு உடனே பதில் வராவிட்டால் அவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்வது முறையல்ல. அவர் வேலையாக இருக்கலாம். இங்கு பிற்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் அச்செடுக்கிறார்கள். ஆகவே சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கவும். அதன்பின் இன்னும் சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கவும்."

கீழே அதே வரிகள் மூன்று முறை அப்படியே திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டிருந்தன. சுழற்சி என்ற ஒன்று இருப்பதே எழுதியவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஒரே முறை எழுதிவிட்டு, மூன்று தடவை செய் என்று சொல்லியிருப்பார்கள்.

"பொருள்: நிறம். முதலில் காவி வந்தது. எட்டு கூட்டினால் மஞ்சள் ஆகிறது. காரணம் தெரியவில்லை."

"யாருக்கா இது, கடுதாசி எழுதற மாதிரி கோட் எழுதியிருக்கான்?" என்றான் சிலந்தி.

அக்கா திரையில் விரலை வைத்தார். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் ஓர் இடம் விடவில்லை, இரண்டு இடம் விட்டிருந்தது. ஒரு வரியில்கூடத் தப்பவில்லை. தட்டச்சு முறையாகப் படித்தவர்கள்தான் அப்படி விடுவார்கள்.

"ரிப்பன்," என்றார் அக்கா.

சிலந்தியின் வாய் திறந்தபடியே நின்றது. "ரிப்பனா? நம்ம ரிப்பனா? 'ஆக மொத்தம், வேலை செய்யும்?' அந்த ரிப்பனா?"

*

முதலாளி தன் மகன் வீட்டில் இருந்தார். கட்டடத்தின் மேல் மாடி. லிஃப்டில் ஏறியதும் சிலந்தி காதைத் தீட்டிக்கொண்டான், "ரெண்டாவது மாடியில உதறுது, யாரும் கவனிக்கல," என்று முணுமுணுத்தான். அக்கா அவன் கையைத் தட்டினார்.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சுருங்கி, பாதி ஆளாகிவிட்டார். விரல் நுனிகள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. அக்காவுக்கு அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது.

"யாரு, ஏம்மா நீயா?" என்றார் உடனே. "இது கம்பிக்காரப் பய. ஏன்டா மொட்டையாயிட்ட?"

நலம் விசாரித்து முடிந்தது. அக்கா அச்செடுத்துக்கொண்டு போயிருந்த தாள்களை அவர் மடியில் வைத்தார். அவர் குனிந்து பார்த்தார். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தாளைத் தடவினார்.

"இது எங்கம்மா கிடைச்சுது?"

"கப்பல் ஆபீஸ் கிடங்குல சார். இது நீங்களா எழுதினது?"

"நான்தான்." கூச்சத்தோடு சொன்னார், திருட்டுத்தனமாக ஏதோ தின்னப்போய் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிலந்தி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஞாயித்துக்கிழமை நீங்க வரமாட்டீங்க. நீங்க அச்செடுத்துப் போட்டிருக்கற தாளை எடுத்து வச்சிக்கிட்டு, என் டைப் மிஷின்ல அப்படியே அடிப்பேன். புரிஞ்சு இல்ல. டைப்பிங் கத்துக்கும்போது அப்படித்தானே, என்ன அர்த்தம்னு பாக்காம அடிப்போம். அடிக்க அடிக்க, இந்த வார்த்தை வந்தா அடுத்து இது வரும், இந்த அடைப்புக்குறி திறந்தா அங்க போய் மூடும்னு விரலுக்குத் தெரிஞ்சுது. மண்டைக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

"கப்பல் ஆபீஸ்?"

"அந்த மேனேஜர் வந்து வாசல்ல நின்னு கத்தறான். உனக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். இவனுக்குக் கை போச்சு. யாரை அனுப்பறது? தகட்டை எடுத்துக்கிட்டு நானே போனேன். ஒண்ணும் செய்யல, சும்மா உக்காந்து பாத்தேன். ஒரு கட்டம் சிவக்குது. யாருடான்னு எட்டிப் பாத்தா, அந்த ஆளு குத்துக்கல்லாட்டம் உக்காந்து அச்செடுத்துக்கிட்டிருக்கான். இவன் சாகல, வேலையா இருக்கான். அது தெரிஞ்சதும் மிச்சத்தை எழுதிட்டேன். ரொம்ப நாள் ஆச்சு, அது வேற. அங்க ஒரு பையன் தண்ணி கொண்டுவந்து குடுத்துட்டு, 'உங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்'னு கேட்டான். அந்த மாதிரி இருந்திருக்கேன்."

"எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

"சொல்லலாம்னு வந்தேன்மா. சொன்னா நீ என்ன செய்வே? நல்ல பொண்ணு நீ, சிரிக்கமாட்டே. உக்காந்து அழகா திருத்தி எழுதிடுவே. நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுல நான் எழுதினது எதுவும் மிச்சம் இருக்காது. ஒண்ணே ஒண்ணு, தப்பும் தவறுமா, நான் அடிச்சபடியே எங்கியாவது ஓடட்டும்னு தோணிச்சு. கப்பல் ஆபீஸ்ல ஓடிச்சு. நான் சும்மா அந்தப் பக்கம் போற சாக்குல எட்டிப் பாப்பேன். மஞ்சள் வரும், போகும். ஒரு மாதிரி சந்தோஷமா இருக்கும்."

உண்மைதான், அக்கா நிச்சயம் திருத்தி எழுதியிருப்பார்.

சிலந்தி எழுந்து போய் அவர் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தான். "சார், எட்டு கூட்டினா ஏன் மஞ்சள் ஆகுதுன்னு இப்பவாவது சொல்லவா?"

"சொல்லு."

காவிக்கு எண் ஆறு என்றும், எட்டைக் கூட்டினால் அதே நிறம் பளிச்சென்று ஆகும் என்றும், அப்படிக் காவி பளிச்சென்றால் அதுதான் மஞ்சள் என்றும் சிலந்தி சொன்னான். பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு முழுசாகக் கேட்டார். "அட, அவ்வளவுதானா?" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, இவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொன்னார். அவள் வந்ததும் தாளைக் காட்டி, "இது நான் எழுதினது," என்றார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்போ மாமா?" என்றாள். வீட்டில் யாருக்குமே தெரியாது.

*

சேகரிப்பாளர் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டார். குறிப்புகளை நீக்கவா என்று கேட்டதற்கு, ஒரு எழுத்தையும் தொடக்கூடாது என்று அக்கா அதட்டினார். மாமியாரும் குடையும் பல்லும் அப்படியே போயின. வீட்டுக்காரர் மட்டும், "பாப்பா கடிச்சதை எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். அந்தக் காலத்தில் இதே மாதிரி கம்பியோடு மல்லுக்கட்டியவர்கள் சிலர். அப்போது பிறந்தேயிராதவர்கள் சிலர். அவர்களில் யாரோ ஒருவர், கடைசிப் பகுதியில் ஒரே வரிகளை மூன்று முறை எழுதியிருப்பது வீண், சுழற்சி போட்டால் ஆறு வரியில் முடியும் என்று பணிவாகத் திருத்தி அனுப்பியிருந்தார். சேகரிப்பாளர் அதை முதலாளிக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு வாரம் கழித்து அக்காவின் ஃபோன் அடித்தது.

"ஏம்மா, ஆறு வரியில எழுதலாமாமே. சரியா?"

"சரிதான் சார்."

"ம். நானும் எழுதிப் பாத்துட்டேன். புரியுது. மூணு தடவை அடிச்சதுக்குப் பதிலா ஒரு தடவை அடிச்சா போதும். இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா விரல் வலி மிச்சமாயிருக்கும்."

"இப்போ மாத்திடலாமா சார்?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்த ஆளுக்குப் பதில் போடணும். நீங்க சொல்றது ரொம்பச் சரி, கத்துக்கிட்டேன், நன்றி. ஆனா மாத்தறதா இல்ல. இதை இங்கிலீஷ்ல மனசு நோகாம எப்படி எழுதறது?"

அக்கா சொன்னார். அவர் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். இரண்டு இடங்களில் இவ்வளவு வழிய வேண்டாம் என்று அடித்துவிட்டார்.

முடிந்ததும் அக்கா சிலந்திக்கு அழைத்தார். அவன் எங்கோ ஒரு லிஃப்ட் கிணற்றுக்குள் இருந்தான், குரல் குழாயிலிருந்து வருவது போல் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பு மேலே போய் மோதித் திரும்பி வந்தது.

"அக்கா, மேல ஆளு கத்தறான். நாளைக்குப் பேசறேன்."

மறுநாள் அவனே கூப்பிட்டான்.